வாசலில் இறங்கிய பலகைகள்

வெள்ளம் வடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் புஷ்பவல்லியின் வீட்டுத் தரை உலர்ந்தபாடில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஆற்றை ஒட்டியிருந்த பலகை வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த வருஷம் அதே கதிதான். டிசம்பர் கடைசியில் கிள்ளான் ஆறு கரை மீறி வந்து, கூடத்தில் இடுப்பளவு நின்று, போகும்போது சேற்றையும் நாற்றத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. சுவரைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தையல் மிஷினை எப்படியோ பரண்மேல் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். தரைதான் மோசம். பலகைகள் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, ஆணியை விட்டு எழும்பி நின்றன. சில இடங்களில் கால் வைத்தால் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது.

"இதுல ஒட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்ல புஷ்பம்," என்றான் அவள் கணவன் பழனியப்பன். "மொத்தமாப் பிரிச்சுடணும். நல்ல பலகையாப் பார்த்து வெயில்ல காய வெச்சுக்குவோம். கெட்டுப்போனதுக்குப் பதிலா வேற வாங்கிப் போட்டுக்கலாம்."

"ஆள் வெச்சுச் செய்யக்கூடாதா?"

"ஆளுக்கு எங்க போறது? இந்தப் பக்கம் உள்ள அத்தனை தச்சனும் வெள்ள வேலையில மாட்டிக்கிட்டான். நானே செய்றேன் லா."

பழனியப்பன் கண்டிராக்டர் அய்யாவுவிடம் மோட்டார் டிரைவர். சாலைக்கும் பாலத்துக்கும் ஜல்லியும் மரமும் கூலியாளும் கொடுத்துப் பெரிய மனிதரானவர் அய்யாவு. அவருடைய கறுப்பு நிறக் காரைப் பல வருஷமாக அவன்தான் ஓட்டி வந்தான். என் டிரைவர் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று அய்யாவுவே நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டுவிட்டு வரும் நாட்களில் பழனியப்பன் சாப்பிடும்போது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவான்.

அந்த வாரம் முழுக்க அவன் விடியும் முன்பே எழுந்து கடப்பாரையோடு பலகைகளை நெம்பினான். வேலைக்குப் போய்த் திரும்பியதும் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கூடம் முடிந்தது, படுக்கையறையும் முடிந்தது. செங்கல் தூண்களின் மேல் நின்ற அந்த வீட்டில் இப்போது தரை என்று எதுவுமில்லை. சுவரிலிருந்து சுவருக்கு ஓடும் குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தொடையளவு ஆழத்தில் ஆற்றுச் சேறு இன்னும் பிசுபிசுவென்று கிடந்தது. நடப்பதற்காகச் சட்டங்களின் மேல் குறுக்கே இரண்டு பலகையைப் போட்டிருந்தார்கள். பின்கட்டுச் சமையலறை மண்தரை என்பதால் அங்கேதான் சாப்பாடும் படுக்கையும். மூன்று வயது மகள் சந்திரகலாவைப் பழைய சேலையால் இடுப்பில் கட்டி, மறுமுனையைச் சமையலறைத் தூணில் முடிந்து வைத்திருந்தாள் புஷ்பவல்லி.

"கையைக் காட்டுங்க," என்றாள் ஒரு காலையில். அவன் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவித் துணி சுற்றினாள். "இந்தக் கையோட எப்படிக் கார் ஓட்டுவீங்க?"

"ஓட்டுறதுக்கென்ன. முதலாளி வேலையா கிள்ளான் டவுனுக்குப் போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்," என்று சொல்லிப் போனான்.

மத்தியானம் அவள் வாசலில் நல்ல பலகைகளைத் திருப்பிப் போட்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தபோது, அய்யாவுவின் கணக்குப்பிள்ளையான கிராணி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒல்லி மனிதர். வேலியோரம் நின்றபடியே சொன்னார்.

"பதறாதம்மா. உயிருக்கு ஒன்னும் இல்ல. கிள்ளான் ரோட்டுல, பத்து தீகாங்கிற ஊர் வளைவுல கார் கவுந்துடுச்சு. மழைத் தண்ணியில சறுக்கி மாட்டு வண்டியில இடிச்சு, ஓரத்துச் சாக்கடையில விழுந்துடுச்சாம். உன் புருஷனுக்குக் கால் முறிஞ்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு."

கையில் இருந்த பலகையை அவள் கீழே போடவில்லை. அதை வேலியில் சாய்த்து வைத்து, சரியாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பழனியப்பனின் வலது தொடையில் கட்டை வைத்துக் கட்டி, காலைக் கயிற்றில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையில் இரும்புக் குண்டு தொங்கியது. முகத்தில் கண்ணாடி கீறிய காயங்கள். அவளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சந்திராவக் கட்டித்தானே வெச்சிருக்கே? சட்டத்துக்கு நடுவுல விழுந்துடப் போறா," என்பதுதான். எப்படி நடந்தது என்று அவள் கேட்டாள். "மழை," என்றான். கண்ணைக் கூரைக்குத் திருப்பினான்.

எலும்பு கூட நாளாகும் என்றும், கூடினாலும் அந்தக் கால் சற்றுக் குட்டையாகத்தான் இருக்கும் என்றும் கட்டுப் போடும் டிரஸ்ஸர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் மார்பையும் தோளையும் சேர்த்துக் கட்டுப் போட்ட ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெயர் நாகையா. அவனுடைய வண்டியில்தான் கார் இடித்தது. பத்து தீகாவில் கம்பம் என்று சொல்லும் கிராமத்திலிருந்து கிள்ளானுக்கு விறகு ஏற்றிப் போவது அவன் தொழில். வண்டி நொறுங்கிவிட்டது. மாடுகளில் ஒன்று அங்கேயே செத்துப்போனது. புஷ்பவல்லிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவனோ குழந்தைக்குத் தன் ரொட்டித் துண்டைக் கொடுத்தான்.

மறுநாள் அவள் கஞ்சியோடு போனபோது பழனியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் அவள் உட்கார்ந்ததும், நாகையா தாழ்ந்த குரலில் பேசினான்.

"தங்கச்சி, நீ என்னைப் பார்த்து ஏன் தலையக் குனியிறேன்னு தெரியுது. ஓட்டுனது உங்க வீட்டுக்காரர் இல்ல. நான்தான் எதுக்க வந்தேனே, பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் கையில இருந்துச்சு அந்தச் சக்கரம். இவரு பக்கத்துல தலை சாஞ்சு கிடந்தாரு. தூங்குற மாதிரி."

வெள்ளைச் சட்டைப் பையன் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அய்யாவுவின் ஒரே மகன் ஜெயராஜ். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் தொழிலைப் பழகிக்கொண்டிருந்தவன். லைசென்ஸ் கிடையாது.

பழனியப்பன் கண் விழித்ததும் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"முதலாளி அன்னைக்கே வந்துட்டாரு. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் ஓட்டுனேன்னு சொல்லச் சொன்னாரு. சரின்னுட்டேன்."

"ஏங்க?"

"ஏன்னா என்ன அர்த்தம்? அவன் வாழ்க்கை இப்பத்தான் ஆரம்பிக்குது. கோர்ட்டு, கேசுன்னு போனா பேரு கெட்டுடும். எனக்கு இந்தக் காலோட இனிமே லைசென்ஸ் இருந்தா என்ன, போனா என்ன? சாமான் கிட்டங்கியில உட்கார்ந்த வேலையாக் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. உனக்கும் புள்ளைக்கும் சோத்துக்குக் கவலை இருக்காது."

அவள் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை; ஆனால் மனசு ஒப்பவும் இல்லை. தன் கணவனுக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது, வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்கிற பேரைத் தவிர? அதைக் கேட்டார்கள்; அவனும் கொடுத்துவிட்டான். அவன் கொடுத்த பிறகு வேண்டாமென்று சொல்லத் தனக்கு உரிமை உண்டா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே குழந்தை விழுந்தது. தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிச்சை எப்படியோ அவிழ்த்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சட்டத்தின் மேல் நடந்து பார்த்திருக்கிறாள். புஷ்பவல்லி ஓடி வந்தபோது சந்திரகலா கீழே சேற்றில் உட்கார்ந்து, அழக்கூடத் தோன்றாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வெட்டு. ஒரு விரல்கடை தள்ளியிருந்தால் கண். அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு, தரையில்லாத கூடத்தின் நடுவே, இரண்டு கால்களையும் இரண்டு சட்டங்களில் ஊன்றியபடி புஷ்பவல்லி வெகுநேரம் நின்றாள். விபத்து நடந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

அதனால்தான், அடுத்த நாள் அய்யாவுவின் லோரி வாசலில் வந்து நின்று, புது மெராந்திப் பலகைகளை இறக்கியபோது அவள் தடுக்கவில்லை. பலகை ஒவ்வொன்றும் இழைத்து, ஒரே அகலத்தில், பச்சை மர வாசனையோடு இருந்தது. கூடவே ஆ லோக் என்ற சீனத் தச்சனும் வந்தான். அய்யாவுவின் ஆள்; தமிழ் பத்து வார்த்தை தெரியும், மீதி மலாய். "தவுக்கே சொல்லி. வீடு முழுக்க போடு," என்று முதலாளியைச் சொல்லிச் சிரித்தான். மத்தியானத்துக்குள் கூடத்தின் பாதி நிறைந்துவிட்டது. புஷ்பவல்லி அதில் குழந்தையை இறக்கிவிட்டாள். சந்திரகலா அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, இப்படியே இருக்கட்டும் என்று புஷ்பவல்லி அப்போது நினைத்தது உண்மைதான்.

கிராணி வந்தது அதற்கடுத்த நாள் காலையில். செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுத் தரையின் ஓரத்தில் உட்கார்ந்து, வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போறார். அப்புறம் இங்கயும் வருவார்னு நினைக்கிறேன். உன்கிட்டக் கேட்டா ஒன்னே ஒன்னு சொன்னாப் போதும். வீட்டுக்குப் பலகை பார்க்கணும்னு உன் புருஷன் அன்னைக்குக் கிள்ளானுக்குப் போனாருன்னு சொல்லு."

"அவரு முதலாளி வேலையாத்தானே போனாரு?"

"அது அப்படித்தான். ஆனா முதலாளிக்குத் தெரிஞ்சு போனாருன்னா, வண்டிக்காரன் நஷ்டத்துக்கு முதலாளிகிட்ட வருவான். ஜெயராஜ் தம்பியும் கார்ல இருந்தது வெளிய வரும். முதலாளிக்குச் சொல்லாம, தன் சொந்த வேலையா டிரைவரே காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாருன்னா ஒரு தொந்தரவும் இல்ல. கொஞ்ச நாள் உள்ள வெச்சாலும் குடும்பத்தை முதலாளி பார்த்துக்குவார். இன்ஸ்பெக்டர் நம்பாம என்ன பண்ணுவார்? வீட்டுல பாதித் தரை பிரிச்சுக் கிடக்கு, பாதியில புதுப் பலகை. கண்ணாலயே பார்த்துக்குவார்."

கிராணி இதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகவும் தெரியவில்லை. ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்ட திருப்திதான் அவர் குரலில் இருந்தது. "இது அவருக்குத் தெரியுமா?" என்று புஷ்பவல்லி கேட்டாள். "போகப்போகச் சொல்லிக்கலாம்," என்று அவர் எழுந்து போனார்.

அவர் போன பிறகு அவள் அந்தத் தரையைப் பார்த்தாள். இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைத்திருந்தாள். அவர் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு ஈடாகக் கொடுத்தது என்றுகூட நினைத்து, அதையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், அவள் புருஷன் களவாகக் கார் எடுத்துப் போனான் என்பதற்குச் சாட்சியாக அவளுடைய கூடத்திலேயே ஆணி அடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆ லோக்," என்றாள். "புக்கா. எல்லாம் எடு. திரும்பக் கொண்டு போ."

தச்சன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "தா போலே லா. தவுக்கே மாரா," என்றான். முடியாது, முதலாளி கோபிப்பார் என்பது அவள் அறிந்த மலாய்தான். அவள் வாதாடவில்லை. குழந்தையைத் தூணில் கட்டினாள். மூலையில் கிடந்த கணவனின் கடப்பாரையை எடுத்து முதல் பலகைக்கு அடியில் கொடுத்தாள். புது ஆணி இறுக்கமாகப் பிடித்திருந்தது. உடம்பையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். அசையவில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து நெம்பிப் பார்த்தாள்.

ஆ லோக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு தன் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுருட்டுப் பிடிக்க வெளியே போனான். அவன் போன பிறகுதான் கவனித்தாள்: ஆணி பிடுங்குகிற சுத்தியலை மட்டும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதன் பிளந்த நாக்கில் ஆணித்தலை மாட்டியதும் வேலை சுலபமாயிற்று. அவள் கடைசிப் பலகையை வெளியே கொண்டுபோய் வேலிக்கு வெளியே அடுக்கி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு கையிலும் கொப்புளம்.

மறுநாள் காலையில் சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"பலகையத் திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றாள்.

பழனியப்பனின் முகம் மாறியது. "யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"யாரையும் கேக்கல."

"நான் இங்க கட்டிப் போட்ட மாதிரிக் கிடக்கிறேன். புள்ள நெத்தியில வெட்டு. உனக்கு வீம்பு. அவங்கள விட்டா நமக்கு யார் இருக்கா?"

அவள் குரலை உயர்த்தாமல் கிராணி சொன்னதை அப்படியே சொன்னாள். பலகை பார்க்கப் போனதாகச் சொல்லச் சொன்னதை. முதலாளிக்குத் தெரியாமல் காரை எடுத்ததாக முடியப் போவதை. உள்ளே வைத்தாலும் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வார் என்றதை.

கயிற்றில் தொங்கிய குண்டு லேசாக ஆடியது.

"சொல்லாம எடுத்துக்கிட்டுப் போனேன்னா?" என்றான். "நானா?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து நாகையா சொன்னான்: "டிரைவரண்ணே, நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரல. நீங்க ஓட்டுனீங்கன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க. ஆனா களவுக் காருன்னு ஆயிட்டா என் மாட்டுக்கு நான் யார் வாசல்ல போய் நிக்கிறது? உங்க வாசல்லயா? அங்க தரையே இல்லங்குது தங்கச்சி."

பழனியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே பேசினான்.

"புஷ்பம், உனக்கு ஒன்னு தெரியாது. அந்தப் பையன் கேட்டு நான் கொடுத்தேன். ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தான். எப்பவும் கொடுத்ததில்ல. அன்னைக்குக் கை எரிஞ்சுது. சக்கரத்தைப் பிடிக்கவே முடியல. கண்ணு வேற சொக்குது. ரோடு நேராத்தானே போகுதுன்னு கொடுத்துட்டேன். கொடுத்துட்டுத் தூங்கிட்டேன். வளைவு வந்தது எனக்குத் தெரியாது. அவன் மேல பழியப் போட்டுட்டு நான் தப்பிக்கிறது எப்படி? அதான் முதலாளி சொன்னதும் சரின்னுட்டேன். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்துச்சு. பரவாயில்லன்னு நினைச்சேன்."

புஷ்பவல்லி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கைக் கொப்புளம் காய்ந்து உரிந்திருந்தது, அவளுடையது ஈரமாயிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"அப்ப அதைச் சொல்லுங்க," என்றாள். "நீங்க ஓட்டுனதாவும் வேணாம், அவன் மேல பழியாவும் வேணாம். முதலாளி வேலையாப் போனோம், கை முடியல, பையன் கேட்டான், கொடுத்தேன், தூங்கிட்டேன். நடந்தது அவ்வளவுதானே? உங்க தப்பு எவ்வளவோ அதை மட்டும் சொல்லுங்க. இல்லாததை எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கிறீங்க?"

"வேலை போயிடும்."

"போயிடும்," என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பத்து மணி சுமாருக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துபாஷியோடு வந்தார். புஷ்பவல்லியை வெளியே நிற்கச் சொன்னார்கள். வராந்தாவில் குழந்தையோடு நின்றவளுக்கு உள்ளே பேசுவது கேட்கவில்லை. துபாஷியின் குரல் ஒரு தடவை மட்டும் உயர்ந்தது: "நீயே கொடுத்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லு." அதற்குப் பழனியப்பன் சொன்ன பதில் அவள் காதில் தெளிவாக விழுந்தது. "யோசிச்சுத்தான் சொல்றேன் ஐயா. நானேதான் கொடுத்தேன்."

அன்று சாயங்காலம் அய்யாவு வந்தார். லோரியும் வந்தது. ஆட்கள் பலகைகளை ஏற்றும் வரை அவர் வேலியோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு நாலு நாளில் வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது. புஷ்பவல்லி வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?" என்றார்.

"ஒரு குறையும் இல்லைங்க."

"எனக்கு இருக்கிறது ஒரே பையன்."

"தெரியுங்க. அவனைக் காப்பாத்தணும்னு நினைச்சது தப்பில்ல. நானா இருந்தாலும் அதான் நினைப்பேன். ஓட்டுனேன்னு சொல்லச் சொன்னீங்க, அவரும் சரின்னாரு. நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். திருடிக்கிட்டுப் போனாருன்னு எதுக்குங்க?"

அய்யாவுவின் கண் அவளைத் தாண்டி, வெறும் சட்டங்கள் தெரிந்த கூடத்துக்குள் போயிற்று. கிராணி சொன்ன யோசனையா, தன்னுடையதா என்று விளக்கம் சொல்வாரென்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு லோரியின் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

கோர்ட்டில் ஜெயராஜுக்கு அபராதம் விதித்தார்கள். லைசென்ஸ் இல்லாதவனிடம் காரைக் கொடுத்ததற்காகப் பழனியப்பனுக்கும் அபராதம். லைசென்ஸையும் வருஷக் கடைசி வரை பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாகையாவின் மாட்டுக்கும் வண்டிக்கும் அய்யாவு ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. பழனியப்பனின் வேலை போனது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்பார்த்தது நடக்கும்போதும் வலிக்கத்தான் செய்தது. அடுத்த மாதம் எப்படி என்ற யோசனையில் புஷ்பவல்லி பல தடவை அந்த மெராந்திப் பலகைகளை நினைத்துக்கொண்டாள். செய்தது தப்பென்று தோன்றவில்லை. ஆனால் அவ்வளவு நல்ல தரையில் மகள் ஓடியதை மறக்கவும் முடியவில்லை.

வெயிலில் காய்ந்த பழைய பலகைகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆ லோக், கேட்காமலே, சுத்தியலை வாங்கிப் போகிற சாக்கில் வந்தான். பழைய பலகைகளில் அழுகின முனைகளை அறுத்து, நெளிந்ததை இழைத்துக் கொடுத்தான். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கூடத்துக்குத்தான் காணும். படுக்கையறையை அப்படியே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். குட்டையான துண்டுகளை ஒட்டுப் போட்டுத்தான் கூடமே நிறைந்தது. பலகைக்குப் பலகை அகலம் வேறு, நிறம் வேறு. சிலதில் வெள்ளத்தின் கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை.

பழனியப்பன் வீட்டுக்கு வந்தபோது அக்குள் கட்டையின் முனை ஒட்டுகளின் இடுக்கில் மாட்டியது. முதல் நாளே தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து உட்கார்ந்த நிலையிலேயே, காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒட்டாக உளியால் சமப்படுத்தத் தொடங்கினான். அவள் ஜன்னலோரம் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அவன் பகலில் வீட்டில் இருந்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த மாதங்களில் பேசினார்கள். சில நாள் காலையில் ஆரம்பித்த சண்டையை மத்தியானம் வரை விடாமல் போட்டார்கள். கால் தரையில் ஊன்ற ஆரம்பித்ததும், பக்கத்துத் தெரு மோட்டார் பட்டறை ஒன்றில் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஆள் வேண்டுமென்றார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. போனான்.

மறுபடி மழைக்காலம் நெருங்கிய ஒரு முற்பகலில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியது அய்யாவுவின் மனைவி இராஜம்மா. கூட யாருமில்லை. கையில் துணிப் பொட்டலம். புஷ்பவல்லி மிஷினை விட்டு எழுந்தாள். பிறகு, "வாங்கக்கா," என்றாள்.

இராஜம்மா செருப்பை விட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டியும் அதில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். ஊதா நிறப் பட்டுத் துணி.

"ஜாக்கெட்டு தைக்கணும். நீ நல்லாத் தைக்கிறேன்னு சொன்னாங்க," என்றாள்.

புஷ்பவல்லி அளவு நாடாவை எடுத்தாள். தோள், கை, மார்பு என்று அளந்தாள். அளக்கும்போது இரண்டு பேருடைய முகமும் வெகு அருகில் இருந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சந்திரகலா வந்து துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் நெற்றியில் தெரிந்த கோட்டை இராஜம்மா விரலால் லேசாகத் தடவினாள்.

"இது எப்படி?"

"விழுந்துட்டா. அந்தச் சமயத்துல."

இராஜம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். போகும்போது வாசற்படியில் திரும்பி, "நடக்கிறாரா?" என்று கேட்டாள். "நடக்கிறாருக்கா," என்றாள் புஷ்பவல்லி. "தம்பி?" என்று பதிலுக்குக் கேட்டாள். "லைசென்ஸ் எடுத்துட்டான். மெதுவாத்தான் ஓட்டுறான்," என்று சொல்லிவிட்டு இராஜம்மா ரிக்‌ஷாவில் ஏறினாள்.

சாப்பிட வந்த பழனியப்பன் மிஷின்மேல் கிடந்த பட்டைப் பார்த்தான். யாருடையது என்று கேட்டான். சொன்னாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. கைய மட்டும் கொஞ்சம் தளர்த்தியாத் தைக்கச் சொன்னாங்க," என்று சொல்லி, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.